பொட்டு வைத்த எட்டு ஜிபி

1. பெரிய எண்ணே நல்ல எண்

லேப்டாப்பில் பவர் விளக்கு எரிந்தது, உள்ளே ஃபேன் சுற்றியது, திரை மட்டும் கறுப்பாகவே இருந்தது. எதிரே லேப்டாப்புக்குச் சொந்தக்காரர் மாலதி உட்கார்ந்திருந்தார். பதினைந்து நிமிட வேலை என்று நான் சொல்லி ஒரு மணி நேரம் ஆகியிருந்தது.

அதற்கு முன் கடையைப் பற்றி இரண்டு வார்த்தை. காஜா பெராங்கில் கணினி பழுது பார்க்கும் கடை. ஆகஸ்ட் சுதந்திர தினத்துக்குக் கட்டும் மெர்டேக்கா சேல் பேனரைத் தீபாவளி வரை இறக்க மாட்டோம், அவ்வளவு நாட்டுப்பற்று. ராம் என்கிற நினைவகச் சில்லு விஷயத்தில் முதலாளிக்கு ஒரே கொள்கைதான்.

"நாலு இருந்தா எட்டு போடு. எட்டு இருந்தா பதினாறு போடு லா. கஸ்டமருக்கு என்னா தெரியும்?"

கஸ்டமருக்குத் தெரியாது என்பது உண்மை. முதலாளிக்கும் தெரியாது என்பது அதைவிடப் பெரிய உண்மை.

புதிதாகத் தொழிலுக்கு வருபவர்கள் கவனிக்க. அது டிடிஆர் த்ரீ என்ற ராம் வகையின் காலம். அதில் 1.5 வோல்ட் ராமும் உண்டு, 1.35 வோல்ட் ராமும் உண்டு. இரண்டும் ஒரே அளவு, ஒரே ஸ்லாட்டில் அழகாக உட்காரும். ஆனால் 1.35 மட்டுமே ஏற்கும் லேப்டாப்பில் மற்றதைப் போட்டால் அது கண் திறக்காது. எது எந்த வோல்ட் என்பது ராமின் ஸ்டிக்கரில் பொடி எழுத்தில் இருக்கும்.

2. ஆயுத பூஜைக்கு மறுநாள்

முதலாளியம்மா பக்தியில் குறை வைக்காதவர். பூஜையன்று ஸ்குரூடிரைவர், பிரிண்டர், கார்டு மெஷின் என்று கடையில் அசையாமல் இருந்த எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் வைத்தார். தட்டில் இருந்த எட்டு ஜிபி ராம் ஆறும் தப்பவில்லை. ஒவ்வொரு ஸ்டிக்கரிலும் வோல்ட் எழுதியிருந்த இடமாகப் பார்த்துப் பொட்டு. போகும்போது ஓர் உத்தரவு வேறு:

"மூணு நாளைக்கு யாரும் பொட்ட அழிக்கக் கூடாது. கடைக்கு ஆகாது."

மறுநாள் காலையில் மாலதி வந்தார். பத்து பெரெண்டாம் வட்டாரத் தொழிற்சாலையில் வேலை போன பிறகு வீட்டிலிருந்தே கல்யாண ஆல்பம் வடிவமைத்துக்கொண்டிருந்தார். நாலு ஜிபி லேப்டாப், பத்துப் படம் திறந்தால் ஸ்தம்பித்து நின்றுவிடும்.

"அண்ணே, இன்னிக்கு ஆறு மணிக்கு ஆல்பம் குடுக்கணும். நேரத்துக்குக் குடுத்தா அடுத்த வருஷக் கல்யாணம் எல்லாம் எனக்கேன்னு மண்டபக்காரர் சொல்லியிருக்காரு. சரியான ராமா பார்த்துப் போடுங்கண்ணே."

"கவலப்படாதீங்கம்மா. எனக்குத் தெரியாததா?"

தெரியாது. பொட்டுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று எனக்கு எப்படித் தெரியும்? முதலாளியம்மாவுக்குப் பயந்து துடைக்கவில்லை. இருபது வருட அனுபவசாலி என்ற திமிரில் கைக்கு வந்ததை எடுத்துப் போட்டேன்.

திரை வரவில்லை. பழைய ராமைத் திருப்பிப் போட்டுப் பார்ப்பதுதான் பாலபாடம். அதைப் பழசுக்கு விலை கழிக்கும் 'டிரேட் இன்' என்று வாங்கிய முதலாளி, பத்தே நிமிடத்தில் வேறொருவருக்கு விற்றிருந்தார். கடையிலேயே சுறுசுறுப்பாக நடந்த ஒரே வேலை அதுதான்.

தட்டிலிருந்து வேறு ராமை எடுத்தால் தப்பு என்னுடையது என்று ஆகிவிடும், அதனால் தொடவில்லை. மாலதி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வாய் கூசாமல் சொன்னேன்: "மதர்போர்டு போயிருச்சும்மா. பழைய மெஷின், எட்டு ஜிபி தாங்கல."

முதலாளி உடனே விலைப் பட்டியலோடு வந்துவிட்டார். "புதுசா எடுத்துக்கோம்மா. மெர்டேக்கா சேல் விலைக்கே தர்றேன்."

மாலதி கைப்பேசியை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே போனார்.

3. துடைத்த பிறகு

அவர் முதுகு திரும்பியதும் எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது. பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து ஆறு பொட்டையும் அழித்தேன். நான் போட்டது 1.5. தட்டில் 1.35 இரண்டு இருந்தன. ஒன்றைப் போட்டுப் பொத்தானை அழுத்தினேன். திரை வந்தது. எட்டு ஜிபி என்று காட்டியது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடினேன்.

"ஓடுதும்மா! போர்டு நல்லாத்தான் இருக்கு."

மாலதி நின்றபடியே ஆல்பத்தைத் திறந்தார். படங்கள் எல்லாம் மளமளவென்று வந்து நின்றன.

"நல்ல வேகமா இருக்குண்ணே. இப்பத்தான் மண்டபக்காரர்கிட்ட என்னால முடியாதுன்னு சொன்னேன். பண்டார் ஹிலிர்ல வேற ஆளுகிட்ட வேலைய குடுத்துட்டாரு."

"திரும்பக் கூப்பிட்டு விஷயத்தச் சொல்லுங்கம்மா."

கூப்பிட்டார். மூன்று முறை மணி போய் நின்றது, யாரும் எடுக்கவில்லை. மாலதி லேப்டாப்பைப் பைக்குள் வைத்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

எத்தனை ஸ்லாட், எந்த வகை, எத்தனை வோல்ட் என்பதெல்லாம் இன்று கைப்பேசியிலேயே பார்த்துக்கொள்ளலாம், அதற்கு நான் வேண்டாம். நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். உங்களுக்குப் பிடிபடாத பழுதை வாடிக்கையாளரின் பொருள்மேல் போடாதீர்கள். அவர் நம்பிவிடுவார்.