கேட்காமல் ஆட்டிய தலை

டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பூரணி பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைக்காம்பரா ஆயா. கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் காலையில் விட்டுப்போகும் குழந்தைகளை அவள்தான் பின்னேரம் வரை பார்த்துக்கொள்வாள். எந்தப் பிள்ளைக்கு எந்த வேளை மருந்து, எது எப்போது தூங்கும், எல்லாம் மனப்பாடம். ஒன்றையும் எழுதிவைத்ததில்லை.

போன தீபாவளிக்குக் கொழும்பில் வேலை செய்யும் மகள் பிரியந்தி போன் வாங்கித் தந்தாள். முதலில் மகள் முகம் பார்க்கத்தான் பூரணி அதை எடுத்தாள். பிறகு சமையல் வீடியோ, கோயில் வீடியோ என்று விரல் தானாகவே தள்ளத் தொடங்கியது.

மாசியில் ஒரு காலை. கொழுந்தெடுக்கும் ஜீவராணி, பெரட்டுக்கு, ஆள்கணக்கில் பேர் கொடுக்கப் போகும் அவசரத்தில், இரண்டு வயது மகளை இறக்கிவிட்டுச் சொன்னாள்: "அக்கா, புள்ளைக்கு முட்ட ஒத்துக்கல. குடுக்கவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு." பூரணி போனைப் பார்த்தபடியே தலையாட்டினாள்.

மத்தியானம் சோற்றோடு முட்டையைப் பிசைந்து ஊட்டினாள். கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் உதடு வீங்கியது, மூச்சு இழுத்தது. ஆட்டோவில் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். ஆஸ்பத்திரியில் ஊசி போட்டுக் காப்பாற்றினார்கள்.

"காலைல சொன்னேனேக்கா!" என்று அழுதாள் ஜீவராணி.

"சாமி சத்தியமா நீ சொல்லல தாயி."

பொய்யில்லை. அப்படியொரு பேச்சே பூரணியின் நினைவில் இல்லை. அங்கு நின்ற இன்னொரு தாய் அம்மாக்கண்ணு, "நானும் கூடத்தானே நின்னேன். நீங்க தலைய ஆட்டுனீங்களேக்கா" என்றாள். மறந்ததை யோசித்து எடுக்கலாம். உள்ளேயே போகாததை எங்கே தேடுவது?

மறுநாளிலிருந்து அந்தப் போன் வீட்டுப் பெட்டியில் கிடந்தது. மகளோடு பேச மட்டும் மாலையில் எடுத்தாள். வேலைக்குப் பழைய பட்டன் போன் போதும். தாய்மார் சொன்னதை முகம் பார்த்துக் கேட்டு, திருப்பிச் சொல்லி, கொப்பியில் எழுதினாள். ஜீவராணி மட்டும் பிள்ளையைத் திரும்ப அனுப்பவேயில்லை.

இந்த மாதங்களில் இன்னும் என்னவெல்லாம் தவறவிட்டோமோ என்ற பயம் அவளை அரித்தது. ஒரு ஞாயிறு, தொழிலாளர் லயத்தில் வீடு வீடாகப் போய், தன்னிடம் என்னென்ன சொல்லியிருந்தார்கள் என்று கேட்டாள். இருமல், பேதி, புதுப் பால்மா என்றார்கள். அம்மாக்கண்ணு மட்டும் அவளை வாசலோரம் தனியே அழைத்துச் சொன்னாள்.

"வயித்துல இருந்தது கலஞ்சிருச்சுன்னு தை மாசம் ஒங்ககிட்ட மட்டுந்தான் சொன்னேன்க்கா. நீங்க 'ம்'னீங்க. நானும் போயிட்டேன்."

பூரணி அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டாள்.