சிவப்பு போன படம்

பனியன் கம்பெனியில் எனக்குச் சாய சாம்பிள் ஒப்பிடும் வேலை. துணி வாங்கும் வெளிநாட்டு பையர் கேட்ட நிறமும் எங்கள் துணியின் நிறமும் ஒன்றுதானா என்று நாளெல்லாம் பார்த்துச் சலித்து, நிறம் என்றாலே எரிச்சல் வந்த காலம். கையில் கம்பெனியின் டிஜிட்டல் கேமரா இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் பேசிக்கொண்டிருப்பவர்களை அவர்கள் கவனிக்காதபோது படமெடுத்து, ஆபீஸ் கம்ப்யூட்டரில் கறுப்பு வெள்ளையாக்குவேன். பெரிய கலைஞன் என்ற மிதப்பு. அந்த வெயிலையும் அந்த முகங்களையும் நினைத்தால் இப்போதும் ஏக்கமாக இருக்கிறது.

தைத்த துணியில் குறை பார்க்கும் செக்கிங்கில் திருநெல்வேலிப் பக்கத்து அக்கா ஒருவர். அவர் கணவர் எங்கள் கம்பெனியிலேயே டெய்லர். மங்கலம் ரோட்டில் லாரி மோதி, காலில் ஆபரேஷன் ஆகி, கோவை ஆஸ்பத்திரியில் கிடந்தார். காய்ச்சல் இறங்கவில்லை. மாமியார் கூட இருந்தார். அக்கா ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போய்வருவார்.

"தம்பி, முன்ன நான் சிரிச்சிட்டு இருக்கும்போது எடுத்தீங்கள்லா, அந்தப் படத்தத் தாங்க. அவுக தலமாட்டுல இருக்கட்டும். போன வாரம் எங்கிட்ட ஒரு வார்த்த பேசல."

சனிக்கிழமை சாயங்காலம் பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். பார்த்தவரின் முகம் செத்துவிட்டது.

"பொட்டு எங்க தம்பி?"

அப்போதுதான் நானும் பார்த்தேன். சிவப்பைத் தூக்கலாக வைத்துக் கறுப்பு வெள்ளையாக்கினால் முகம் பளிச்சென்று வரும். அந்த ஆசையில் அப்படியே செய்திருந்தேன். நெற்றிக் குங்குமமும் சேர்ந்து வெளுத்துவிட்டது. நிறம் பார்த்துச் சம்பளம் வாங்குகிற எனக்கு இது தெரியவில்லை! கலர் படமும் இல்லை; அதன் மேலேயே சேவ் பண்ணித் தொலைத்திருந்தேன்.

"தப்பு பண்ணிப்போட்டனுங்க அக்கா. இப்பவே வேற எடுத்துத் தர்றனுங்க."

"இப்ப எனக்குச் சிரிப்பு வராது தம்பி."

எனக்குக் கூசிப்போனது. அவர் செக்கிங் டேபிளுக்குப் போனார். துணியில் ஓட்டை, கறை இருக்கும் இடத்தைக் காட்ட ஒட்டி, டேமேஜ் என்று ஒதுக்குவோமே, அந்தச் சிவப்பு அம்பு ஸ்டிக்கரில் ஒன்றை உரித்து, நூல் வெட்டும் கட்டரால் வட்டமாக நறுக்கி, படத்தின் நெற்றியில் ஒட்டினார். விரலால் இரண்டு தரம் அழுத்தினார். பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

திங்கட்கிழமை அவர் கண்ணில் படாமல் ஒதுங்கியே திரிந்தேன். அவரே தேடி வந்தார்.

"காய்ச்சல் விட்டுட்டு தம்பி. படத்த வாங்கி ரொம்ப நேரம் பாத்தாக. பொறவு அந்த ஸ்டிக்கரத் தொட்டு, 'ஏட்டி, ஒன்னயும் டேமேஜுன்னு ஒதுக்கிட்டாகளா'ன்னு கேட்டாக."

சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். எனக்கும் அடக்க முடியவில்லை.