மெதூஸின் நெற்றியில் குங்குமம்

எண்பதுகளின் நடுப்பகுதி. பாரிஸ் லா சப்பலில், ரூ பிலிப்-து-ஜிராரில் ஒரே அறையில் ஆறு பேர் இருந்தோம். காலையில் ஒரு அருங்காட்சியகத்தில் துப்புரவு வேலை, பின்னேரம் உணவகத்தில் கோப்பை கழுவல். நித்திரை என்றால் மெத்ரோ ரயிலில் கிடைப்பதுதான்.

அருங்காட்சியகத்தில் ரோமானியர் காலத்துக் கல் சவப்பெட்டி ஒன்று இருந்தது. அதன் முன்பக்கத்தில் ஒரு பெண் முகம். தலைமுடியெல்லாம் பாம்பு, முழித்த கண். முதல் நாள் நெஞ்சு திடுக்கிட்டது. போகப்போக எங்கள் ஊர்க் காளியாகவே ஆகிவிட்டாள். அவளைக் கும்பிடாமல் நான் அங்கே கூட்டியதில்லை.

என் அகதி மனுவை ஏற்கெனவே ஒருமுறை நிராகரித்திருந்தார்கள். மேல்முறையீட்டு விசாரணைதான் கடைசி. அதுவும் தவறினால் கார்த் என்கிற வதிவிட அட்டை கிடைக்காது, ஊருக்கே திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து செத்துக்கொண்டிருந்தேன். விசாரணை நாளன்றும் வேலைக்குப் போனேன். லீவு கேட்க வாய் வரவில்லை. உடம்போடு சேர்ந்து புத்தியும் களைத்துப்போயிருக்க வேண்டும். ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து, பையில் வைத்திருந்த குங்குமத்தைத் தண்ணீரில் குழைத்து அந்தக் கல் நெற்றியில் பொட்டு வைத்தேன்.

வைத்த பிறகுதான் உறைத்தது. கல்லைத் தொடவே கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். பதறிப்போய் ஈரத் துணியால் துடைத்தேன். சிவப்பு மூக்குவரை பரவிவிட்டது. ஐயோ கடவுளே!

எங்களை மேற்பார்வை செய்யும் யாழ்ப்பாணத்து அண்ணை ஓடிவந்தார். “உனக்கென்ன விசரே? வேலையும் போய், கார்த்தும் கிடைக்காமல் போகப்போகுது!” என்று கத்தினார். சத்தம் கேட்டு, சிலைகளைப் பராமரிக்கும் மதாமும் வந்துவிட்டார். சரி, முடிந்தது கதை என்று நினைத்தேன்.

ஏன் இப்படிச் செய்தாய் என்று கேட்டார். இன்றைக்கு என் விசாரணை என்றேன், அண்ணை மொழிபெயர்த்தார். மதாம் போய்ப் பஞ்சும் ஒரு போத்தலும் எடுத்துவந்து, முழங்காலில் நின்று துடைக்கத் தொடங்கினார். துடைத்தபடியே அவர் சொன்னதை அண்ணை எனக்குத் தமிழில் சொன்னார்.

“இவளின்ரை பேர் மெதூஸாம். ஒரு சின்னப் பிள்ளையை வைச்ச பெட்டியாம் இது. கெட்டது ஒண்டும் கிட்ட அண்டக் கூடாதெண்டு தாய் தேப்பன் செதுக்குவிச்சதாம். நீ சரியான ஆளிட்டத்தான் கேட்டிருக்கிறாய் எண்டு சொல்லுறா. இதைத் தானே துடைச்சு முடிக்கிறாவாம், உன்னை ஓடச் சொல்லுறா.”

அழுகை வந்துவிட்டது. நேரமாகிவிட்டதென்று ஓடினேன்.

மதாம் ஒருவரிடமும் சொல்லவில்லை. சில மாதங்களில் கார்த்தும் வந்தது. அதற்குள் என்னை வேறு கட்டடத்துக்கு மாற்றியிருந்தார்கள். எல்லாம் அந்தக் கல் அம்மனின் அருள் என்றார்கள் அறையில் இருந்தவர்கள். இருக்கலாம். ஆனால் முறைப்பாடு எழுதவேண்டிய கையால் பஞ்சை எடுத்த அந்த மனுசிக்கு ஒரு மெர்சிகூடச் சொல்லாமல் ஓடினேனே, அது இன்றைக்கும் நெஞ்சில் கிடந்து உறுத்துகிறது.