பூனைக்கால் ஓட்டின பதினோரு கிலோமீட்டர்

எங்க அத்தானைப் பத்திச் சொல்லணும்னா முதல்ல என் வாயைப் பத்திச் சொல்லியாகணும். நான் ஒரு சண்டைக்கோழி. அக்கா எல்லாத்தையும் பொறுத்துப் போவா. நான் யாராவது ஒண்ணு சொன்னா ஒன்பது திருப்பிச் சொல்வேன். அந்த வாயாலதான் ஒரு மனுஷனோட ஒரே மகளை அவர்கிட்டேயிருந்து எட்டு வருஷம் பிரிச்சு வச்சேன். அவ பழையபடி வாய் நிறைய 'அப்பா'ன்னு ஒரு தடவை கூப்பிடமாட்டாளான்னு ஏங்கியே அவர் போன மாசம் போய்ச் சேர்ந்துட்டார். அவர் எப்பேர்ப்பட்ட ஆளுன்னு கிட்டேயிருந்து பார்த்தவ இப்ப நான் ஒருத்திதான். அதான் சொல்றேன்.

அத்தான் ஒரு கார் கம்பெனியில சோதனை ஓட்டுநர். உடனே பந்தயம், பறக்கிற வேகம்னு நினைச்சுக்காதீங்க. நேர்மாறான வேலை. முந்நூற்றைம்பது குதிரைசக்தி எஞ்சின் போட்ட பெரிய பெரிய வண்டிகளை, வலு குறையாம பெட்ரோலை மட்டும் குறைச்சுக் குடிக்க வைக்கணும். கல்யாணமான புதுசுல அக்கா அவரைக் கிண்டல் பண்ணுவா, புலியை வாங்குறவன் தீனிக்கு ஏன் கணக்குப் பார்க்கிறான்னு. அவர் சிரிக்காம பதில் சொல்வார். புலிதான், ஆனா தெருவுல போறப்ப அதுவும் நடக்கத்தானே செய்யுது, நடக்கிறப்பவும் பாயுற அளவுக்குத் தின்னா வீண்தானேன்னு.

அவங்க பிரிவோட வேலையே அதுதான். ஆறு சிலிண்டர்ல, வண்டி நிதானமாப் போறப்ப மூணைத் தூங்க வைப்பாங்க. கால் அழுத்தினா அந்த மூணும் முழிச்சுக்கும். தூங்குறதோ முழிக்கிறதோ உள்ளே உட்கார்ந்திருக்கிறவங்களுக்குத் தெரியவே கூடாது. சோதனை வண்டியில மட்டும் ஓட்டுறவருக்குத் தெரியணும்னு முன்னால ஒரு குட்டிப் பச்சை விளக்கு வச்சிருப்பாங்க. பச்சை எரிஞ்சா பாதி எஞ்சின் தூங்குதுன்னு அர்த்தம். அத்தானுக்கு அந்தப் பச்சைன்னா உசுரு.

ஒரு தடவை எங்களையெல்லாம் கூட்டிட்டுப் போய் சோதனை அறையைக் காட்டினார். ஜன்னலே கிடையாது. தரையில ரெண்டு பெரிய உருளை, அதுமேல காரோட சக்கரம். வண்டி நின்ன இடத்திலேயே நூறு கிலோமீட்டர் வேகத்துல ஓடுது, சுவர் நகரவே மாட்டேங்குது. எனக்குத் தலை சுத்திடுச்சு. புகைக்குழாயில தடியா ஒரு குழாய் மாட்டியிருந்தாங்க. வர்ற புகையை அளந்தே எவ்வளவு பெட்ரோல் எரிஞ்சதுன்னு சொல்லிடுவாங்களாம். எதிர்ல திரையில ஒரு கோடு ஓடும், எந்த நொடிக்கு எந்த வேகம்னு. காலாலயே அந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டுப் போகணும். கொஞ்சம் விலகினாலும் அந்தச் சோதனை செல்லாது. எஞ்சின் முழுசா ஆறினாத்தான் அடுத்தது, அதாவது மறுநாள் காலையில. கால் ஒரு உதறு உதறினா மொத்தப் பேரோட ஒரு நாள் வேலை போச்சு.

மத்த ஓட்டுநருங்களுக்கு மாசத்துல ரெண்டு மூணு அப்படி வீணாகும். அத்தானுக்கு வருஷத்துக்கு ஒண்ணு நடந்தா அதிசயம். அடி மெலிஞ்ச ஒரு ஷூவை அதுக்குன்னே வச்சிருந்தார். கூட வேலை செய்யறவங்க அவருக்கு வச்ச பேர் பூனைக்கால். வீட்டிலயும் அப்படித்தான். கதவைச் சாத்தினா சத்தம் வராது, நாற்காலியை நகர்த்தினா தெரியாது. இவரு கோபப்பட்டாக்கூட மூணு சிலிண்டர்லதான் கோபப்படுவாருன்னு அக்கா சொல்லிச் சிரிப்பா. மகள் சின்னவளா இருந்தப்ப, நிறுத்தி வச்ச வண்டியில அவளை மடியில உட்கார வச்சு, அவ பிஞ்சுக் காலைத் தன் கால்மேல வச்சுக்கிட்டு பெடலை எப்படித் தொடணும்னு காட்டுவார். அவளும் மூச்சை அடக்கிக்கிட்டு உட்கார்ந்திருப்பா.

லிட்டருக்கு ஏழு கிலோமீட்டர் குடுத்துக்கிட்டிருந்த எஞ்சினைப் பதினோரு வருஷத்துல பத்தரைக்குக் கொண்டு வந்தாங்க. எண்ணெயை மாத்தினாங்க, எடையைக் குறைச்சாங்க, என்னென்னமோ பண்ணினாங்க. கடைசி அரை கிலோமீட்டர் அத்தானோட யோசனையில வந்தது. ஜனங்க அவசரத்துல மிதிக்கிற முதல் மிதி எஞ்சினுக்குப் போய்ச் சேராத மாதிரி பெடலை மந்தமாக்கச் சொன்னார். நல்லா ஆழமா மிதிச்சாத்தான் அது காதுல வாங்கிக்கும். அது பலிச்ச அன்னைக்கு வீட்டுக்கு வந்தப்ப அவர் முகத்தைப் பார்க்கணும், பரீட்சையில பாஸான பையன் மாதிரி இருந்துச்சு.

அதுக்கு நாலு மாசம் கழிச்சுத்தான் அந்த நாள். காலையில ஒன்பது மணிக்கு அக்கா போன் பண்ணினா. முதுகு இழுக்குது, தாடை வலிக்குது, நெஞ்சை என்னமோ அடைக்குதுன்னா. என் வீடு ரெண்டு தெரு தள்ளித்தான். போய்ப் பார்த்தேன், கேஸ்தான்னு சொன்னேன். என்னவோ எல்லாம் கரைச்சுக் குடிச்சவ மாதிரி மாத்திரையும் வெந்நீரும் குடுத்துப் படுக்க வச்சேன். அவரைக் கூப்பிடட்டுமான்னு அக்கா கேட்டா. நான்தான் வேண்டாம்னேன். அவருக்கு அன்னைக்கு முக்கியமான சாலைச் சோதனை, சும்மா பதற வைக்காதேன்னேன். பத்தரை மணிக்கு அவளுக்கு வேர்த்துக் கொட்டி உதடு வெளுத்துப் போச்சு. அப்பத்தான் எனக்குக் கையும் ஓடலை காலும் ஓடலை. ஒன்றரை மணி நேரம். இதை நான் யார்கிட்டேயும் மூச்சுவிடலை.

ஆம்புலன்ஸ் வர அரை மணி ஆகும்னாங்க. அத்தானுக்குப் போன் பண்ணினேன். ஓட்டிக்கிட்டிருந்த சோதனை வண்டியோடவே எட்டு நிமிஷத்துல வாசலுக்கு வந்துட்டார். அக்காவைத் தூக்கிப் பின்சீட்டுல படுக்க வச்சோம். தலை என் மடியில.

ஆஸ்பத்திரி பதினோரு கிலோமீட்டர். அக்கா தெருவுக்கு அவ்வளவு வலுவான வண்டி அதுவரைக்கும் வந்ததே இல்லை. அது போன லட்சணம் இருக்கே, ஊர்வலமே தேவலை. முன்னால பார்க்கிறேன், பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டிருக்கு. அழுத்துங்க அத்தான்னு கத்தினேன். அழுத்தினார், விளக்கு அணைஞ்சது. ஒரு வளைவு தாண்டினதும் திரும்ப எரிஞ்சது. திரும்பக் கத்தினேன், அணைஞ்சது, திரும்ப எரிஞ்சது. அவர் பின்கழுத்துல வேர்வை வழியுது, கால் மட்டும் அதுபாட்டுக்குப் பழகினபடியே இருந்துச்சு. இருபது வருஷம் பழக்கின கால். அவர் மனசு பறந்துக்கிட்டிருந்துச்சு, அது எனக்கு அன்னைக்கே தெரியும்.

நடுவுல அக்கா ஒரு தடவை கண்ணைத் திறந்தா. "காலையிலேயே வலிச்சுதுங்க"ன்னு அவர்கிட்ட சொன்னா. கொஞ்சம் மூச்சு வாங்கிட்டு, "அவளைத் திட்டாதீங்க"ன்னா. அதுக்கப்புறம் அவ பேசவே இல்லை. நான் போட்ட கூச்சல்ல அது அவர் காதுல விழுந்திருக்காதுன்னு நினைச்சேன். விழுந்திருக்கக் கூடாதுன்னும் வேண்டிக்கிட்டேன்.

உள்ளே கொண்டுபோய் அரை மணிகூட ஆகலை. டாக்டர் வெளியே வந்தார், கொஞ்சம் முன்னாடியே கொண்டு வந்திருக்கணும்னார். மகள் அப்பத்தான் காலேஜ்லேருந்து ஓடி வந்து நிக்கிறா, பத்தொன்பது வயசு. டாக்டர் சொன்ன 'முன்னாடி' எந்த நேரம்னு எனக்குத் தெரியும். அவ என் பக்கம் திரும்புறதுக்குள்ள நான் அத்தான் பக்கம் திரும்பிட்டேன்.

"அழுத்துங்க அழுத்துங்கன்னு அடிச்சுக்கிட்டேனே, அழுத்தினீங்களா? பச்சை விளக்கு எரிஞ்சுக்கிட்டேதானே இருந்துச்சு?"

அவர் குனிஞ்சு தன் வலது காலைப் பார்த்தார். மகளுக்கும் அந்தப் பச்சை விளக்கு என்னன்னு நல்லாத் தெரியும். அவளும் அந்தக் காலைத்தான் பார்த்தா.

நாலு நாள் உங்ககூட இருக்கேன் சித்தின்னு வந்தவ எட்டு வருஷம் இருந்துட்டா. படிப்பை முடிச்சா, வேலைக்குப் போனா, எல்லாம் என் வீட்டிலேருந்துதான். அத்தான் ஞாயித்துக்கிழமையானா பழம் வாங்கிட்டு வருவார். கூடத்துல அந்த ஓரத்து நாற்காலியில உட்காருவார். இவ ஒரு டம்ளர் தண்ணி கொண்டு வந்து வச்சுட்டு உள்ளே போயிடுவா. கேட்டதுக்கு ஆமா, இல்லைன்னு பதில். அப்பாங்கிற வார்த்தை மட்டும் வராது. அரை மணி உட்கார்ந்துட்டு, உள்கதவை ஒரு தடவை பார்த்துட்டு, சத்தமில்லாம எழுந்து போவார். அந்த நாளோட வண்டி ஓட்டுறதையும் விட்டுட்டார். கம்பெனியில வேற மேஜைக்கு மாத்திக்கிட்டு, மத்தவங்க ஓட்டின கோடுகளைப் பார்த்துக்கிட்டிருந்தார். போக வர நடையும் பஸ்ஸும்தான்.

ஒரு வருஷம் கழிச்சு, அவ இல்லாத நேரமாப் பார்த்து ஒரு தாளோட வந்தார். சோதனை வண்டியில, கால் எந்த நொடி எவ்வளவு அழுத்துதுன்னு பதிவாகிக்கிட்டே இருக்குமாம். அன்னைக்கு ஓட்டின பதினோரு கிலோமீட்டரையும் எடுத்துக் கோடு போட்டுக் கொண்டு வந்திருந்தார். கம்பெனியில விளக்குற மாதிரியே நிதானமா விரல் வச்சுக் காட்டினார். பத்தொன்பது நிமிஷம் ஆகியிருக்கு. இந்தப் பாலத்துல, இந்த நேர்ச்சாலையில, இந்தத் திருப்பம் தாண்டி அழுத்தியிருந்தா பதினஞ்சுல போயிருக்கலாம்.

"நாலு நிமிஷம். நீ சொன்னது சரிதாம்மா"ன்னார்.

அப்பவாவது நான் வாயைத் திறந்திருக்கணும். ஊர்ல இருக்கிற எல்லார்கிட்டேயும் வாயாடுறவ, அன்னைக்குன்னு பார்த்து ஊமையாயிட்டேன். டீ போட்டுக் குடுத்தேன். அந்தத் தாளை நாலா மடிச்சுச் சட்டைப் பையில வச்சுக்கிட்டுப் போனார்.

ஏழாவது வருஷம் ஒரு ஞாயித்துக்கிழமை அவர் எழுந்து போறப்ப, செருப்பு மாட்டத் தடுமாறிச் சுவரைப் பிடிச்சார். இவ ஜன்னல் வழியாப் பார்த்துட்டு நகர்ந்துட்டா. எனக்கு மனசு கேக்கலை. மறுநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனேன். ஒத்தைத் தட்டைக் கழுவிக்கிட்டிருந்தார். நின்னபடியே எல்லாத்தையும் கொட்டிட்டேன், ஒன்பது மணி, கேஸ், கூப்பிட வேண்டாம்னு நான் சொன்னது, ஒன்றரை மணி நேரம், எல்லாத்தையும். அவர் தட்டைத் துடைச்சுச் சத்தமில்லாமக் கவிழ்த்து வச்சார்.

"தெரியுமே. அவ வண்டியிலேயே சொன்னாளே. திட்டாதீங்கன்னு கேட்டா. அதுக்கப்புறம் அவ எதுவும் கேக்கலை."

எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்துச்சு. தெரிஞ்சுக்கிட்டே ஏழு வருஷமா இப்படி உட்கார்ந்திருந்தீங்களா, பெத்த மகள்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா, கல்லுளிமங்கன் மாதிரி இருந்துட்டீங்களேன்னு அவரையே திட்டினேன். பாருங்க, அப்பவும் திட்டுதான் வருது. அவர் கையைத் துடைச்சுக்கிட்டே சொன்னார்:

"அம்மா போயிட்டா. அப்பா மேல கோபம். இப்ப உன் மேலயும் கோபம்னா அவ எங்கேம்மா போவா?"

அப்புறம், அந்த நாலு நிமிஷம் தன்னோடதுதானே, அது பொய் இல்லையேன்னார். அவகிட்ட சொல்லாதேன்னு என்கிட்ட வார்த்தை வாங்கிக்கிட்டார். எனக்கு வசதியாப் போச்சு. வீட்டுக்கு வந்து நிம்மதியாத் தூங்கினேன், அதையும் சொல்லித்தான் ஆகணும். அப்புறமும் ஒரு வருஷம் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை அவர் அந்த ஓரத்து நாற்காலியில உட்கார்ந்ததை நான் பார்த்துக்கிட்டேதான் இருந்தேன்.

போன மாசம், வேலைக்குப் போற வழியில பஸ் நிறுத்தத்துல உட்கார்ந்தவர் எழுந்திருக்கலை. பக்கத்துல நின்னவங்களுக்குக்கூடத் தெரியலையாம். மூணு பஸ் வந்து போன பிறகுதான் யாரோ தொட்டுப் பார்த்திருக்காங்க. எல்லாம் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததும் மகள் அந்த நாற்காலியைப் பார்த்துக்கிட்டே, "கடைசியிலயும் அவசரப்படாமத்தான் போயிருக்கார் பாருங்க சித்தி"ன்னா. குரல்ல அதே பழைய கசப்பு. அதுக்குமேல என்னால முடியலை. அவர்கிட்ட குடுத்த வார்த்தையை மீறிட்டேன். உட்கார வச்சு, ஒண்ணுவிடாமச் சொன்னேன்.

திட்டுவா, அடிப்பான்னு நினைச்சேன். அவ ஒரே ஒரு கேள்விதான் கேட்டா.

"அப்பாவுக்கு இது தெரியுமா?"

எட்டு வருஷத்துக்கப்புறம் அந்த வார்த்தை அவ வாயிலேருந்து வந்துச்சு. தெரியும்மான்னேன். அவர் என்ன சொல்லி என் வாயைக் கட்டினார்னும் சொன்னேன். கேட்டுட்டு எழுந்து உள்ளே போனா. துணியை எடுத்துப் பையில வச்சா, ஆணியில தொங்கின அவர் வீட்டுச் சாவியை எடுத்தா, வெளியே போய்க் கதவைச் சாத்தினா. சத்தமே வரலை.

போன் பண்ணினா எடுக்கிறதில்லை. நேத்து அந்தத் தெரு வழியாப் போனேன், கூடத்துல விளக்கு எரிஞ்சுது. அவ எங்கேம்மா போவான்னு அவர் கேட்டாரே, அவர் வீட்டுக்குத்தான் போயிருக்கா. அங்க அவர்தான் இல்லை.