மெக்ரிச்சியில் ஓடும் தண்ணீர் தேடி

1958, ஆடிப் பதினெட்டு, ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்குச் சிங்கப்பூர் நாரிஸ் ரோட்டு மாடி அறையைப் பூட்டிக்கொண்டு நானும் என் மனைவி செண்பகமும் கிளம்பினோம். அவள் கையில் ஒரு மஞ்சள் துணி மூட்டை. உள்ளே எங்கள் கல்யாண மாலைகள் இரண்டும் சருகாகக் கிடந்தன. தை மாதம் கும்பகோணத்துப் பக்கம் மாற்றிக்கொண்டவை. புதுப்பெண் அவற்றைப் பத்திரப்படுத்தி, முதல் ஆடிப்பெருக்கில் புருஷனோடு போய் ஆற்றில் விடவேண்டும். நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறும்போது அவள் மறக்காமல் எடுத்துவந்த சாமான் இது ஒன்றுதான்.

ஆற்றுக்கு எங்கே போவது? முந்தின வாரம் சிங்கப்பூர் ஆற்றைக் காட்டினேன். கடல் ஓதம் ஏறுகிற நேரம். தண்ணீர் கடலிலிருந்து ஊருக்குள் போய்க்கொண்டிருந்தது. நாற்றம் வேறு. செண்பகம் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"ஆறு பின்னாடி ஓடுமா? எனக்கு ஒண்ணும் புரியலைங்க. வியாழக்கிழமை கப்பல் இருக்காமே, மாலையை நானே கொண்டுபோய்க் காவேரியில விட்டுடுறேன்."

திரும்பி வருவேன் என்று அவள் சொல்லவில்லை.

அதனால்தான் இந்தப் பயணம். தீவின் நடுவே காடும் மேடுமான இடத்தில் மெக்ரிச்சி நீர்த்தேக்கம். நாங்கள் இருக்குமிடத்திலிருந்து நாலு மைலுக்குமேல்; பஸ் மாறிப் போக ஆளுக்கு இருபது காசு. ஏழு வருஷம் சிங்கப்பூரில் இருந்தவன் என்ற மிதப்பில் எல்லாம் தெரிந்தவன்போல அழைத்துப் போனேன். நானும் அங்கே போனதில்லை.

எட்டு மணி. அணைக்கரை, புல்வெளி, பூந்தோட்டம், வாத்தியம் வாசிக்க ஒரு மண்டபம், அதற்கப்பால் கண்ணாடி மாதிரி தண்ணீர். செண்பகம் வெகுநேரம் பார்த்துவிட்டு, "எந்தப் பக்கம் ஓடுது?" என்றாள். எந்தப் பக்கமும் ஓடவில்லை.

சைக்கிளில் வந்த காவல்காரர் நம் ஆள்தான், பேச்சில் மட்டும் இந்த ஊர் 'லா' ஒட்டியிருந்தது. மூட்டையைப் பார்த்ததும் இறங்கிவிட்டார்.

"தண்ணியில ஒண்ணும் போடக்கூடாது லா. ஊரே குடிக்கிற தண்ணி."

"சும்மா சுத்திப் பார்க்க வந்தோம், அண்ணே" என்று புளுகினேன். செண்பகம் என்னை முறைத்தாள்.

ஒன்பது மணிக்குக் காட்டுப்பாதையில் நுழைந்தோம். ஏரி இடது கைப்பக்கம் இருந்தது. நாங்கள் எங்கும் திரும்பவில்லை, ஆனால் கொஞ்ச நேரத்தில் அது வலது கைப்பக்கம் வந்துவிட்டது. விழுந்து கிடந்த ஒரு மரத்தை இரண்டு தடவை தாண்டினோம். மூன்றாவது தடவை அதன்மேல் ஒரு குரங்கு உட்கார்ந்து எங்களையே பார்த்தது.

"வழி தெரியும்ல?" என்றாள்.

"தெரியும்" என்றேன். கிழக்கு எது என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

பத்தரை மணிக்குச் சத்தம்தான் முதலில் கேட்டது. பள்ளத்தில், ஒரு முழ அகலத்தில், சலசலவென்று ஓர் ஓடை. அது நிஜமாகவே ஓடியது! கப்பலைவிட்டு இறங்கிய நாளிலிருந்து செண்பகம் சிரித்து அன்றுதான் பார்த்தேன். அவள் மூட்டையோடு கொண்டுவந்திருந்த பூஜைச் சாமானை எடுத்து, மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காப்பரிசி படைத்து, கற்பூரம் காட்டி, மாலைகளை இருவரும் சேர்ந்து விட்டோம். அவை ஒன்றையொன்று இடித்துக்கொண்டு வளைவில் மறைந்தன. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பும் வழி தெரியாததால் ஓடையோடு நடந்தோம். அது அகலமாகி, மெதுவாகி, நின்றேவிட்டது. எதிரே அதே ஏரி. கரையில் அதே காவல்காரர், நீளக் கழியின் நுனியில் எங்கள் மாலைகள் சொட்டச் சொட்ட.

"உங்களுதா?"

"இல்லையே" என்றேன்.

"எங்களோடதுதான்" என்றாள் செண்பகம். அவள் கண் நிறைந்துவிட்டது. "ஓடுற தண்ணியிலதான் விட்டோம், அண்ணே. அது இங்க வந்து நின்னுடுச்சே."

எனக்கு அழுகை வராத குறை. நான் தேடிக் கண்டுபிடித்த ஆறு ஏரிக்குள் போகும் என்று யோசிக்காமல் போனேனே.

காவல்காரர் அவளைப் பார்த்துக் குரலைத் தணித்தார். "எங்கம்மா நிக்குது? குழாய்க்குள்ள ஓடிக்கிட்டுத்தான் இருக்கு. உங்க வீடு எங்க?"

"நாரிஸ் ரோடு."

"அங்கயும் இதான் வருது. மாலையை எடுத்துக்கிட்டுப் போங்க. இங்க மட்டும் விடாதீங்க."

திரும்பும் பஸ்ஸில் செண்பகம் மாலைகளை முடிந்து என் மடியில் வைத்தாள். ஈர மூட்டை என் வேட்டியை நனைத்தது.

மாலை நாலு மணி. வீட்டுப் பின்கட்டில் எல்லாக் குடித்தனத்துக்கும் பொதுவான குழாய். செண்பகம் அதற்கு மஞ்சள் தடவிக் குங்குமம் வைத்தாள். முழுக்கத் திறந்துவிட்டு, மாலைகளை அதன் கீழே பிடித்து, நாரைவிட்டு உதிர்ந்த பூக்களைச் சாக்கடையில் போகவிட்டாள். சாக்கடை கால்வாய்க்குப் போகும், கால்வாய் கடலுக்கு. இந்த ஊரில் எது ஆறு, எது ஏரி என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

குடத்தோடு வந்த கீழ்வீட்டுச் சீனப் பெரியவர் குழாயையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்கு மலாயில் என்னவோ சொல்லிச் சமாளித்தேன்.

"ஓடுதுங்க" என்றாள் செண்பகம்.

வியாழக்கிழமை கப்பல் போயிற்று. அன்று காலை அவள் அந்தக் குழாயடியில் பல் துலக்கிக்கொண்டிருந்தாள்.