அவர் துடைத்த வரிகள்

எங்கள் லண்டன் அலுவலகத்தில் டீம் லீடாக இருந்த சென்னைக்காரருக்கு எதையாவது துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். கசங்காத வெள்ளைச் சட்டை, கையில் ஈர டிஷ்யூ. மேசை, கீபோர்டு, அடுத்தவர் எழுதிய புரோகிராம், எதையும் விடமாட்டார்.

ஒரு திங்கட்கிழமை, நாங்கள் செய்து கொடுத்த மருத்துவமனை இணையத்தளத்தில் நோயாளிகளால் அப்பாயின்ட்மென்டை ரத்துசெய்ய முடியவில்லை. பட்டன் செத்துக் கிடந்தது. "இவங்க எழுதினதுதான்," என்று கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் என்னைக் காட்டினார். தேடிப் பார்த்தேன். புரோகிராமின் தொடக்கத்தில் நான் எழுதியிருந்த, ஃபங்ஷன்களைக் கட்டி வைக்கும் 'பைண்ட்' வரிகளைக் காணவில்லை.

"அதுகளை அழிச்சது ஆர்?"

"நான்தான். ஈக்வல் குறிக்கு ரெண்டு பக்கமும் ஒரே பேரு. எதுக்குங்க அந்தக் குப்பை?"

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"குப்பை இல்லை. பட்டனை அமத்தேக்க அந்த ஃபங்ஷனைத் தனியாத்தான் கூப்பிடும். தான் எந்த ஆப்ஜெக்டுக்குச் சொந்தம் எண்டு அப்ப அதுக்குத் தெரியாது. அதைக் கட்டி வைக்கிறதே அந்த வரிதான். விளங்கேல்லையெண்டா என்னட்டைக் கேட்டிருக்க ஏலாதோ?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அன்று மாலை வீட்டுக்குப் போக மனோர் பார்க்கில் ரயிலை விட்டு இறங்கும்வரை எனக்குக் கோபம் ஆறவில்லை. மறுநாள் காலை வரிகளெல்லாம் பழைய இடத்தில் இருந்தன, பட்டனும் வேலைசெய்தது. பிழை தன்னுடையது என்று எவரிடமும் அவர் வாய் திறக்கவில்லை. என் மேசையை மட்டும் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார். அதுதான் அவர் கேட்ட மன்னிப்போ என்று இன்றுவரை தெரியவில்லை. அன்று நான் கையிலிருந்த தேநீரை வேண்டுமென்றே அதில் சிந்திவிட்டுத்தான் உட்கார்ந்தேன்.