பலாப்பால் பட்ட டச்பேடு

வாழவந்தி நாடு என்ற மலையூரில் வாத்தியாராக இருந்தபோது, மலையில் லேப்டாப் வைத்திருந்த ஒரு சிலரில் நானும் ஒருவன். அந்தத் தலைக்கனத்தை என்னவென்று சொல்வது! யாராவது கம்ப்யூட்டர் என்று வாயைத் திறந்தால் போதும், பாடம் நடத்த உட்கார்ந்துவிடுவேன். மவுஸ் வாங்குவதெல்லாம் அரைகுறைகளின் வேலை என்று சொல்லித் திரிந்தேன்.

என் மனைவி நர்சிங் படித்தவள். அரசு வேலைக்கான விண்ணப்பத்தை மூன்று நாளாக நிரப்பிச் சேமித்து வைத்திருந்தாள். அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. எந்த மாவட்டத்திலும் வேலை செய்யச் சம்மதமா என்ற கேள்விக்கு ஒரு டிக் போட்டு அனுப்பவேண்டியதுதான் பாக்கி. "ராமநாதபுரத்துல போட்டா என்ன பண்ணுவ? எனக்கு ஆரு சோறாக்கறது?" என்று ஒரு வாரமாக நான் முனகிக்கொண்டிருந்ததையும் சொல்லிவிட வேண்டும்.

காலையில் பலாப்பழம் அறுத்த கையோடு, "தள்ளு, நானே அனுப்பறேன்" என்று உட்கார்ந்தேன். அம்புக்குறி கொஞ்சம் நகர்ந்து, திக்கி, நின்றுவிட்டது. அம்புக்குறியை நகர்த்த விரலால் தேய்க்கும் டச்பேடு முழுக்கப் பலாப்பால், பிசுபிசுவென்று. பலாப்பாலுக்கு மலையில் எல்லோருக்கும் தெரிந்த மருந்து எண்ணெய். கைக்குத் தேய்ப்பது போலவே டச்பேடுக்கும் தேங்காய் எண்ணெய் தேய்த்தேன். பிறகு பழைய வேட்டித் துணியால் அழுத்தித் துடைத்தேன். டச்பேடு பளபளவென்று ஆனது. அம்புக்குறி அசையவே இல்லை.

"ஏனுங்க, இந்தக் குட்டி லைட்டு முன்னால நீலமா இருந்துச்சுங்க, இப்ப ஆரஞ்சா எரியுது. பக்கத்துல பட்டனாட்டம் இருக்குதே, அமுக்கிப் பாக்கட்டுங்களா?" என்றாள் மனைவி.

"சும்மா இரு. உள்ள எண்ணெய் காயுது, அதான் அந்தக் கலரு. கண்டதை அமுக்குனா போர்டே போயிரும்!"

எந்த போர்டு என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் மாட்டியிருப்பேன். லேப்டாப்பை வெயிலில் வைத்தேன், விசிறினேன், தலைகீழாகக் கவிழ்த்தேன். மணி பன்னிரண்டானது. அவள் கண் கலங்கிவிட்டது. வேறு வழியில்லாமல் பஸ் ஏறினோம்.

அடிவாரத்து ஊரில் கம்ப்யூட்டர் கடை வைத்திருந்த பாய், என் எண்ணெய்க் கதையைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு அந்தப் பட்டனை ஒரே ஒரு தடவை அமுக்கினார். விளக்கு நீலமானது, அம்புக்குறி ஓடியது.

"டச்பேடை ஆஃப் பண்ற பட்டனுங்க சார். துடைக்கறப்ப அமுங்கியிருக்கும். எண்ணெய் மட்டும் நல்லாப் போட்டிருக்கீங்க" என்றார். என் மானம் கப்பலேறியது.

என் முகத்தைப் பார்க்காமலே அவள் சம்மதம் என்று டிக் போட்டு அனுப்பினாள். அப்போது மணி நாலே முக்கால். அப்பாடா என்றிருந்தது.

திரும்பும் பஸ்ஸில் மலைப்பாதை வளைவுகள் தொடங்கின. அவள் மெதுவாகக் கேட்டாள்: "நான் வேலைக்குப் போகக் கூடாதுன்னுதானுங்களே அந்தப் பட்டனைத் தொட விடல?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ சாமி, சத்தியமா இல்ல! அது என்ன பட்டன்னே எனக்குத் தெரியாது."

"ஊருக்கே கம்ப்யூட்டர் சொல்லித் தர்ற ஆளுக்குத் தெரியாதுங்களா?"

கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அன்றுதான் முதல் தடவையாக அவளிடம் எனக்கு ஒன்று தெரியாது என்று ஒப்புக்கொண்டேன். அவள் நம்பவில்லை.